தனிஸ்லாஸ் எடுத்த கருவறைப் படம்

வில்லியனூரில் மாதா கோயிலுக்குப் போகிற சாலையில் ஸ்டூடியோ வைத்திருந்த தனிஸ்லாஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘இன்னொண்ணு’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். பாஸ்போர்ட்டுக்கோ கல்யாணத்துக்கோ, எதற்குப் படம் எடுத்தாலும் சரி, எதிரில் இருப்பவர் அப்பாடா என்று மூச்சு விட்டுத் தோளைத் தளர்த்துகிற நேரத்தில், “ஆடாதீங்க, இன்னொண்ணு” என்பார். ஒதியம்பட்டில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டி முடித்த கையோடு இவர் ‘இன்னொண்ணு’ என்று சொல்லப்போய், பெண்ணின் தாய்மாமன் மேடையிலிருந்து இறங்கிவந்து கேமராவைப் பிடுங்கப் பார்த்தார்.

பதினாலு வயதில் புதுச்சேரி டவுனில் ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவுகிற டிரேக்களைச் சுத்தம் செய்யச் சேர்ந்தவர். இருபத்துநாலு வயதில், 1962-இல், ஒரு பழைய கேமராவும் சைக்கிளுமாக வில்லியனூருக்கு வந்து கடை போட்டார். கைவேலை சுத்தம். அதைவிட, ரீடச் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மெல்லிய பிரஷ்ஷால் நெகடிவில் ஒரு தொடு தொட்டால் அம்மைத் தழும்பு மறையும், மாறுகண் நேராகும். பெண் பார்க்க வந்தவர்கள் போட்டோவைப் பார்த்துவிட்டு வந்து, எதிரில் நிற்பவள் இவளுடைய அக்காவோ என்று குழம்பியதும் நடந்ததுதான்.

வில்லியனூர் கொம்யூனுக்கு உட்பட்ட ஊர்களில் ஞானஸ்நானம், காதுகுத்து, புதுநன்மை, மஞ்சள் நீர், கல்யாணம், கடைசியில் நாற்காலியில் உட்காரவைத்த பிணம் வரைக்கும் எல்லாம் அவர் கேமராவுக்குள் புகுந்து வந்தவைதான். “இந்த ஊர்ல நான் எடுக்காத மூஞ்சி எது, சொல்லு” என்று டீக்கடையில் பெருமை பேசுவார். அப்படி ஒரு முறை பேசியபோது எதிரில் இருந்த ஒருவர், “பொறக்கறதுக்கு முன்னால இருக்கற மூஞ்சிய எடுத்தியா?” என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை.

1987-ஆம் வருஷம் ஆடி மாதம் அவர் மகள் ஆரோக்கிய செல்வி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஆறாம் மாதம். ஒருநாள் லேசாக ரத்தம் பட்டது. துணை சுகாதார நிலையத்து நர்ஸ் அமிர்தம் பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதா என்று தெரியவேண்டும், டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஸ்கேன் என்ற சொல் வில்லியனூருக்கு அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

அம்மாவோடு செல்வி கிளம்பினாள். தனிஸ்லாஸும் கூடப் போனார். டாக்டரம்மா செல்வியின் வயிற்றில் கூழ் மாதிரி எதையோ தடவி, ஒரு கருவியை அதன்மேல் வைத்து நகர்த்தினார். பக்கத்தில் சின்ன டிவி மாதிரி ஒரு பெட்டி. அதில் மழை மேகம் போல ஏதோ அசைந்தது. மேகத்துக்கு நடுவே அவரைக்காய் அளவுக்கு ஒரு கை எழுந்து, மறுபடி இறங்கியது. தனிஸ்லாஸ் பெட்டிக்குக் கிட்டே போய்க் குனிந்தார். அடுத்த நிமிஷம் தொழில் புத்தி முந்திக்கொண்டது. பையிலிருந்த கேமராவை எடுத்தார்.

“இன்னா பண்றீங்க?” என்றார் டாக்டரம்மா.

“அந்தக் கை இன்னொரு வாட்டி தூக்குமான்னு பாருங்கம்மா. ஒரே ஒண்ணு.”

“நஞ்சு மேலதான் இருக்குது. குழந்தை நல்லாருக்கு. பாக்க வேண்டியதைப் பாத்தாச்சு. எழுந்திரும்மா” என்று அவர் கருவியைத் துடைத்து வைத்துவிட்டார். மொத்தம் பத்து நிமிஷம். “இது மருத்துவத்துக்கு வச்சிருக்கற மெஷின் பெரியவரே. வேடிக்கை பாக்கறதுக்கு இல்ல.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது தனிஸ்லாஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மனைவி இன்பமேரி, மகளைப் பற்றிய கவலை என்று நினைத்து, “அதான் ஒண்ணும் இல்லேன்னுட்டாங்களே” என்றாள். அவர், “ஷட்டர பதினஞ்சுல வச்சா கோடு விழாம எடுத்துடலாம்” என்றார்.

டிவித் திரையைப் படம் பிடிப்பது அவருக்கு ஏற்கெனவே கைவந்த வித்தை. வில்லியனூரில் முதல்முதலாக டிவி வாங்கியவர், அது ஓடுகிறபோதே பக்கத்தில் குடும்பத்தோடு நிற்கிற மாதிரி படம் வேண்டும் என்று கேட்டிருந்தார். வேகமாக எடுத்தால் திரையில் கறுப்புப் பட்டை விழும் என்பதை மூன்று ரோல் பிலிம் வீணாக்கித் தெரிந்துகொண்டார்.

மெஷின்தான் இல்லை. அதையும் கொண்டுவந்து சேர்த்தான் கில்பர்ட். இன்பமேரியின் தம்பி, மெட்ராஸில் மருத்துவக் கருவிகள் விற்கிற ஒரு கம்பெனியில் ஏஜெண்ட். டாக்டர்களிடம் ஓட்டிக் காட்டுவதற்காகத் தையல் மெஷின் பெட்டி அளவில் ஒரு ஸ்கேன் மெஷினை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்தான். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு லீவு, மெஷினுக்கு லீவு இல்லை.

“உனக்கு இத ஓட்டத் தெரியுமா?” என்றார் தனிஸ்லாஸ்.

“தெரியாமலா மாமா? நூறு டாக்டருக்கு ஓட்டிக் காட்டியிருக்கேன்.”

அவன் ஓட்டிக் காட்டியது முழுக்கத் தன் வயிற்றின்மேல்தான் என்பதை அவன் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஆவணி பிறந்ததும் ஸ்டூடியோ வாசலில் போர்டு ஏறியது. ‘கருவறையில் உள்ளபடியே போட்டோ எடுத்துத் தரப்படும். ஞாயிறு மட்டும்.’ முதலில் வந்து கேட்டவர் சிவன் கோயில் தர்மகர்த்தாவின் தம்பி. “இன்னாய்யா, மூலவரை போட்டோ புடிக்கப் போறியா? யாரு உனக்கு உத்தரவு குடுத்தது?” என்று கொதித்தார். தனிஸ்லாஸ் விளக்கிச் சொல்லி அனுப்பிவைத்துவிட்டு, ‘தாயின்’ என்று முன்னால் ஒரு வார்த்தையைச் சின்ன எழுத்தில் நுழைத்தார்.

முதல் படம் தன் பேரப்பிள்ளையாக இருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. செல்வியிடம் சொன்னார்.

“டாக்டரம்மா பாத்தாச்சுப்பா. நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. இன்னொரு வாட்டி என்னாத்துக்கு?”

“அது டாக்டருக்கு. இது நமக்கு.”

“எனக்கு வேணாம். எம் மூஞ்சிய ஒரு தடவ எடுக்கவே அர மணி நேரம் உக்கார வப்ப. அது பாவம், உள்ள இருக்குது.”

இன்பமேரி அடுப்படியிலிருந்தே, “புள்ள வெளிய வரட்டுங்க. வந்ததும் ஓடியா பூடப் போவுது?” என்றாள்.

வீட்டுப் பெண்களுக்குக் கலை தெரியாது என்று முடிவுகட்டி, தனிஸ்லாஸ் வெளியே ஆள் தேடினார். ஒதியம்பட்டு தணிகைவேல் ஏற்கெனவே தெரிந்தவன், மில் வேலைக்குப் போகிறவன். அவன் மனைவி அம்சவள்ளிக்கு ஏழாம் மாதம். வளைகாப்புப் படம் சொல்ல வந்தவனிடம், கையோடு இதையும் எடுத்துவிடலாம் என்றார். தணிகைவேல் வாய் பிளந்தான். அவன் அம்மா காசம்மாள், “ஆணா பொண்ணான்னு தெரியுமா?” என்று ஒன்றுதான் கேட்டாள். கில்பர்ட் அவசரமாக, “அதெல்லாம் இதுல தெரியாது” என்றான். அவனுக்குத் தலை எது, கால் எது என்பதே அப்போதுதான் பிடிபட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் வேலை ஆரம்பித்தது. ஸ்டூடியோவில் மலையும் அருவியும் வரைந்த திரைக்கு முன்னால் பெஞ்சு போட்டு அம்சவள்ளியைப் படுக்கவைத்து, அவளுக்குத் துணையாகக் காசம்மாளை நிறுத்தினார்கள். கில்பர்ட் கருவியை நகர்த்தினான். தனிஸ்லாஸ் முக்காலியில் கேமராவை மெஷின் திரைக்கு நேராக வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

பிள்ளை ஒத்துழைக்கவில்லை. முதலில் முதுகைக் காட்டியது. பிறகு கையால் முகத்தை மறைத்தது. ஷட்டர் மெதுவாக இருப்பதால் கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கிப்போகும். “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு ராஜா” என்று தனிஸ்லாஸ் திரையைப் பார்த்துக் கெஞ்சினார். அம்சவள்ளிக்குச் சிரிப்பு வந்தது, வயிறு குலுங்கியது, அந்தப் படமும் போயிற்று.

“மங்கலா தெரியுதேப்பா” என்றார்.

“பவரக் கூட்டிட்டேன் மாமா. பாரு, இப்ப பளிச்சுனு இருக்குது.”

“அப்பிடியே வச்சிக்க. கைய எடுக்காத. இன்னொண்ணு.”

டாக்டரம்மா பத்து நிமிஷத்தில் முடித்ததற்கு இங்கே ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நடுவில் அம்சவள்ளி, தலை வலிக்கிறது என்றாள். வெயிலில் நடந்துவந்த வலி என்று கோலி சோடா வாங்கிக் கொடுத்தார்கள். கருவியை மட்டும் எடுக்கவில்லை.

இருட்டறையில் கழுவிப் பார்த்தால், முப்பத்தாறு படத்தில் ஒன்றுதான் தேறியது. அதிலும் நெற்றி தெரிந்தது, கன்னம் மாதிரி ஒரு மேடு தெரிந்தது, மற்றதெல்லாம் புகை. தனிஸ்லாஸ் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு பிரஷ்ஷை எடுத்தார். கண்ணிருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கோடு. நடுவில் சின்னதாக ஒரு மூக்கு. உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு. இருபத்தைந்து வருஷம் ஊர் முகங்களையெல்லாம் அழகாக்கிய கை, பிறக்காத முகத்துக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்யுமா?

படம் ஒதியம்பட்டில் தேர் மாதிரி தெருத்தெருவாகப் போனது. மூக்கு தணிகைவேல் வீட்டு மூக்கு என்று காசம்மாளும், இல்லை, எங்கள் வீட்டு மூக்கு என்று அம்சவள்ளியின் அண்ணனும் சண்டை போட்டார்கள். பிரேம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அடுத்த ஞாயிறுகளுக்கு ஸ்டூடியோவில் முன்கூட்டியே பெயர் சொல்லிவைத்தவர்கள் ஒன்பது பேர். கில்பர்ட்டிடம் யாராவது, “புள்ள நல்லா இருக்குதா சார்?” என்று கேட்டால், “ஜம்முனு இருக்குது” என்பான். வேறு என்ன சொல்வான்? படம் வாங்க வருகிறவர்களிடம் தனிஸ்லாஸ், நன்றாக வரவில்லை என்று என்றைக்குச் சொல்லியிருக்கிறார்?

நர்ஸ் அமிர்தம் பாகூர்க்காரி. வில்லியனூருக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம். வியாழக்கிழமைதோறும் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை. வராதவர்கள் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் நிற்பாள். இரண்டு வியாழன் வராத அம்சவள்ளியைத் தேடி ஒதியம்பட்டுக்குப் போனாள்.

“இன்னாத்துக்கும்மா வெயில்ல அலையறது? படமே எடுத்துட்டோம். புள்ள ஜம்முனு இருக்குதாம்” என்றாள் காசம்மாள், முருகன் பக்கத்தில் கையைக் காட்டி.

அமிர்தம் படத்தைப் பார்க்கவில்லை. அம்சவள்ளியின் காலைப் பார்த்தாள். கணுக்கால் இருந்த இடம் தெரியவில்லை. கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, விழுந்தது விழுந்தபடியே நின்றது. “தலை வலிக்குதா?” என்றாள்.

“பத்து நாளா வலிக்குது. கண்ணு வேற பூச்சி பறக்கற மாதிரி…”

பிரஷர் எகிறியிருந்தது. யூரினில் உப்பு. அரை மணி நேரத்தில் ஒரு கார் பிடித்து, அமிர்தம் அவளைத் தானே கூட்டிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் அமிர்தத்தின் சைக்கிள் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றது. தனிஸ்லாஸ் ஒரு கல்யாண ஆல்பத்தில் போட்டோக்களுக்குக் காகித மூலை ஒட்டிக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கையிலிருந்த மூலை ஆல்பத்தில் ஒட்டாமல் விரலில் ஒட்டிக்கொண்டது.

“புள்ள நல்லாருக்குதுன்னு யாருண்ணே அவங்ககிட்ட சொன்னது?”

“போட்டோ நல்லா வந்திருக்குதுன்னுதான் நர்சம்மா நான் சொன்னேன்.”

“அவங்க காதுல எப்பிடி வுழுந்துச்சு? அவ ரெண்டு வாரம் என்னாண்ட வரல. உன் படத்துல பிரஷர் தெரியுமா? கால் வீக்கம் தெரியுமா?”

தனிஸ்லாஸ் ஆல்பத்தை மூடினார். “அந்த மெஷின் ஒண்ணும் எக்ஸ்ரே மாதிரி இல்லியாம். வெறும் சத்தந்தானாம். காதுக்குக் கேக்காத சத்தம். கில்பர்ட் சொன்னான். கோயில் மணி கூட சத்தந்தானே?”

“மணிய காதுக்குள்ள வச்சி ஒன்றேகால் மணி நேரம் அடிப்பியா?” என்றாள் அமிர்தம். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “பயமுறுத்த வரலண்ணே. அம்சாவுக்கு வந்த நோவு உன் மெஷினால வந்தது இல்ல. அது தானா வர்றது. டாக்டரம்மாகிட்டயும் கேட்டுட்டேன். ஸ்கேனால கொழந்தைக்கு இன்னது ஆச்சுன்னு இதுவரைக்கும் யாரும் கண்டுபுடிக்கலையாம். ஆனா ஒண்ணுமே ஆவாதுன்னும் யாரும் எழுதிக் குடுக்கலியாம். ரொம்ப நேரம் ஒரே எடத்துல வச்சா, பவரக் கூட்டுனா, உள்ள சூடு ஏறலாமாம். காரணம் இருந்தா பாக்கணும், எவ்ளோ கம்மியா முடியுமோ அவ்ளோ கம்மியா பாத்துட்டு நிறுத்தணும். அவ்ளோதான் அவங்க சொன்னது.”

தனிஸ்லாஸ் விரலில் ஒட்டியிருந்த மூலையைப் பிய்த்தார்.

“இருட்டு ரூம்ல பேப்பர் மேல லைட்டு போடுறியே, எத்தினி செகண்டு?”

“நெகடிவப் பொறுத்து. ஏழு, எட்டு.”

“ஒரு நிமிஷம் போட்டா?”

“கரிக்கட்ட மாதிரி கறுத்துப் பூடும்.”

“அது பேப்பர். கிழிச்சிப் போட்டுட்டு வேற எடுத்துக்குவ.”

இருபத்தைந்து வருஷத் தொழிலில் யாரும் அவரிடம் அவர் பாஷையிலேயே பேசியதில்லை. அமிர்தம் சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளியபடி இன்னொன்றும் சொன்னாள். “இன்னிக்கு உன் மச்சானுக்குத் தலையா காலான்னு தெரியல. நாளைக்கு விவரம் தெரிஞ்ச ஒருத்தன் வந்து, இது பொண்ணுன்னு சொல்லிட்டான்னு வய்யி. அந்தப் பொண்ணு பொறக்குமாண்ணே?”

அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. காரணம் தெரிந்தும் இன்பமேரி கேலி பேசாமல் இருந்தாள். அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஐந்தாம் நாள் அம்சவள்ளிக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். நாள் நிறையாத பிள்ளை, ஒன்றேமுக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெண். தாய்க்கு மூன்றாம் நாள் பிரஷர் இறங்கியது. தனிஸ்லாஸ் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, கேமரா இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். கேமரா இல்லாத தோள் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

“தப்பு பண்ணிட்டேன் தாயி” என்றார் அம்சவள்ளியிடம். “நீ தலை வலிக்குதுன்னு சொன்ன. நான் சோடா வாங்கிக் குடுத்துட்டு படத்தையே பாத்துக்கினு இருந்தேன்.”

அவள் களைப்போடு சிரித்தாள். “உங்களுக்கு எப்பிடிண்ணே தெரியும்? எனக்கே தெரியல.”

சொல்ல வந்தது இன்னும் பாக்கி இருந்தது. காசம்மாள் பக்கம் திரும்பி, “இன்னொண்ணு” என்று ஆரம்பித்தார். அம்சவள்ளி பயந்துபோய்ப் போர்வையை இழுத்துக்கொண்டாள். “இல்லம்மா, இன்னொரு விஷயம். அந்தப் படத்துல மூக்கு, கண்ணு, சிரிப்பு எல்லாம் நான் பிரஷ்ஷுல போட்டது. உள்ள ஒண்ணும் தெரியல. பொகைதான் இருந்துச்சு.”

காசம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “யாருகிட்ட கதை வுடற? இப்பதான் கண்ணாடிப் பொட்டியில பாத்துட்டு வரேன். அச்சு அசலா அதே மூக்கு. எங்க வூட்டு மூக்கு.”

எவ்வளவு சொல்லியும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. உண்மை பேசி நம்பவைப்பதில் அவருக்குப் பழக்கம் போதவில்லை.

அடுத்த ஞாயிறு கில்பர்ட் பெட்டியோடு வந்து இறங்கியபோது வாசலில் போர்டு இல்லை. உள்ளே நான்கு கர்ப்பிணிகள் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“மாமா, லைட்டப் போடு” என்றான் கில்பர்ட்.

“மெஷின வண்டியில ஏத்துப்பா. அது டாக்டருங்க கையில இருக்க வேண்டிய சாமான். நீயும் நானும் அத வச்சிக்கினு வெளையாடக் கூடாது.”

“ஒரு கெடுதலும் இல்ல மாமா. கம்பெனிக்காரனே சொல்றான்.”

“விக்கறவன் சொல்லுவான். நானும் போட்டோ விக்கறவந்தான், எனக்குத் தெரியாதா?”

கில்பர்ட் கோபித்துக்கொண்டு, அக்கா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். நான்கு கர்ப்பிணிகளில் மூன்று பேர் முணுமுணுத்தார்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று ஒருத்தியின் மாமனார் சத்தம் போட்டார். தனிஸ்லாஸ் நான்கு குடும்பத்தையும் அருவித் திரைக்கு முன்னால் நிற்கவைத்து ஆளுக்கொரு படம் எடுத்துக் கொடுத்தார். பிறகு, வியாழக்கிழமை நர்சம்மாவிடம் போய் வந்தீர்களா என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டார். இரண்டு பேர் போகவில்லை. அவர்கள் வியாழன்று ஸ்டூடியோவுக்கு வந்தால், தானே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். சொன்னபடி குடையும் கையுமாக முன்னால் நடந்துபோனதை ஊரே பார்த்தது. “இன்னொண்ணு இப்ப நர்ஸ் வேலையில சேந்துட்டாரு” என்று டீக்கடையில் புதுக்கதை கிளம்பியது.

ஐப்பசியில் செல்விக்குச் சுகப்பிரசவமாக ஆண் குழந்தை பிறந்தது. கார்த்திகையில் அமிர்தம் ஒரு வேலையோடு வந்தாள். காலில் நீர் கோத்தால் எப்படி இருக்கும் என்று பெண்களுக்கு வாயால் சொன்னால் புரியவில்லை. எல்லாருடைய காலும் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். பெரிதாக ஒரு படம் இருந்தால் சுவரில் மாட்டலாம்.

தனிஸ்லாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அழுத்தின குழி தெரியணும். முன்னாலருந்து லைட்டு போட்டா தெரியாது. பக்கத்துலருந்து, தாழ்வா போடணும்” என்றார். அது சரி, கால்?

இன்பமேரிக்குப் பெருநாள் பலகாரம் சுட்டு நின்றால் கால் வீங்குவது வழக்கம். அப்போது அவள் கிறிஸ்துமஸ் முறுக்குக்கு நடுவில் இருந்தாள். அவளை அழைத்துவந்து பெஞ்சில் உட்காரவைத்து, காலை ஸ்டூலில் நீட்டச் சொன்னார். அமிர்தம் கட்டைவிரலால் அழுத்தினாள்.

“கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம்” என்றாள் இன்பமேரி. “எம் மூஞ்சிய ஒழுங்கா ஒரு படம் எடுத்துப் பெருசாப் போட்டிருக்கியா? கால எடுக்க வந்துட்ட.”

“ஆடாத மேரி. குழி மூடிக்கும்.”

படம் நன்றாக வந்தது. ஒரு இடத்திலும் பிரஷ் படவில்லை. வெடித்த குதிகாலும், மெட்டி தேய்ந்த தழும்பும், நடுவில் நிழல் விழுந்த குழியும் அப்படியே இருந்தன. சுகாதார நிலையத்துச் சுவரில், உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணுக்கு நேராக அமிர்தம் அதை மாட்டினாள். வியாழக்கிழமை வரிசையில் காத்திருந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, அவரவர் காலை அழுத்திப் பார்த்துக்கொண்டார்கள். தை மாதத்துக்குள், குழி மூடவில்லை என்று தாங்களாகவே மூன்று பேர் முன்னால் வந்து சொன்னார்கள்.

யார் கால் அது என்று கேட்டவர்களிடம் அமிர்தம் சொல்லவில்லை. இன்பமேரி தானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.